ஆலங்குடிக்கு வந்தால் குருவை வானத்திலும் பார்த்துவிட்டுப் போங்கள்

வியாழக்கிழமை மாலையில் கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் பஸ், குருவின், அதாவது வியாழன் கிரகத்தின் தலமான ஆலங்குடியில் நின்றால் பாதி இருக்கைகள் காலியாகிவிடும். மஞ்சள் துணியும் கொண்டைக்கடலை மாலையும் நெய் விளக்குமாக, வெகுதூரத்திலிருந்து வந்தவர்கள் இறங்குவார்கள். 2023 மார்கழியில் ஒரு வியாழன் இரவு, தரிசனம் முடித்துத் திரும்புகிற ஓர் அம்மா என் பக்கத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார். தலைக்கு மேலே ஓர் ஒளிப்புள்ளி அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. “அம்மா, அதோ பாருங்கள், அதுதான் குரு” என்று காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். “பதினைந்து வருடமாக வருகிறேன் ஐயா. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்” என்றார். பஸ் வரும்வரை தலையைக் கீழே இறக்கவில்லை.

அன்றே இதை எழுத வேண்டும் என்று தோன்றியது. சூரியனார்கோவில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோவில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு என்று கிரகங்களின் பெயரால் தலங்கள் நிறைந்த நிலம் இது. அந்தக் கிரகங்களில் என்ன கண்டுபிடித்தார்கள் என்ற செய்தி இப்போது மாதந்தோறும் வருகிறது. செய்தியைப் படிப்பதற்கு முன்பு அது எந்தப் புள்ளியைப் பற்றியது என்று வானத்தில் விரல் நீட்டிக் காட்டத் தெரிய வேண்டும். புள்ளி தெரிந்துவிட்டால் செய்தி மனத்தில் தங்கிவிடும்.

நான் விவசாயி. ஆலங்குடிக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டரில் ஆறு மா நிலம். முன்பெல்லாம் மும்முனை மின்சாரம் பெரும்பாலும் இரவில்தான் வரும். பதினொரு மணிக்கு மோட்டாரைப் போட்டுவிட்டு, மடை மாற்றுவதற்காக விடியும்வரை விழித்திருக்க வேண்டும். மோட்டார் கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி இருபது ஆண்டுகள் நான் பார்த்தது வானத்தைத்தான். பைனாகுலர் பிறகுதான் வந்தது.

எங்கே நின்று பார்ப்பது? ஊருக்குள் வேண்டாம். தெருவிளக்குகள் வெள்ளை எல்.இ.டி.க்கு மாறிய பிறகு வாசலில் நின்றால் பெரிய நட்சத்திரங்கள் மட்டுமே தெரிகின்றன. நெல் அடிக்கும் களத்துமேடு நல்ல இடம். தரை சமமாக இருக்கும், நான்கு பக்கமும் திறந்திருக்கும். தெற்கே தென்னந்தோப்பு மறைக்காத களமாகப் பாருங்கள். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். வயல் வரப்பில் இரவில் நிற்காதீர்கள். கட்டுவிரியன் நடமாடும் நேரம் அது. வெறுங்காலோடு போகவே கூடாது. டார்ச் கண்ணாடிக்குச் சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். ஒரே ஒரு முறை வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தாலும், கைப்பேசித் திரையாக இருந்தாலும், அந்த இருபது நிமிடம் வீணாகிவிடும். சிவப்பு வெளிச்சம் அவ்வளவு கெடுக்காது.

எப்போது? ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம், வானத்தை மறந்துவிடுங்கள். மார்கழியிலும் தையிலும் வானம் திறக்கும், ஆனால் பனி கொட்டும். பத்து நிமிடத்தில் கண்ணாடி வியர்த்துவிடும். பார்க்காத நேரத்தில் பைனாகுலரைத் துண்டால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் ஓரளவு தப்பலாம். மாசி, பங்குனிதான் எனக்குப் பிடித்த மாதங்கள். சம்பா அறுவடை முடிந்து, உளுந்து தரையோடு தரையாகக் கிடக்கும், காற்று காய்ந்திருக்கும். சித்திரை முதல், ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து தண்ணீர் நம் பக்கம் வந்து சேரும்வரை, தெற்கு வானம் அருமையாக இருக்கும். நிலவில்லாத இரவைத் தேடப் பஞ்சாங்கம் புரட்ட வேண்டியதில்லை. வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டரில் அமாவாசை போட்டிருக்கும். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து நாட்கள்.

கருவி விஷயத்தில் ஒரு தவறு செய்தேன், நீங்கள் செய்ய வேண்டாம். பெட்டியில் ‘675 மடங்கு’ என்று அச்சிட்டிருந்த ஒரு தொலைநோக்கியை முதலில் வாங்கினேன். முகப்புக் கண்ணாடி 50 மில்லிமீட்டர்தான். அந்த அகலத்துக்கு நூறு மடங்குக்கு மேல் போனால் கலங்கல்தான் தெரியும். முக்காலியோ மூச்சு விட்டால் ஆடியது. அதன் விலையில் பாதிக்கு ஒரு பைனாகுலர் வாங்கிய பிறகுதான் வானம் எனக்குத் திறந்தது. ‘10×50’ அல்லது ‘7×50’ என்று போட்டிருப்பதைக் கேளுங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது எண் முகப்புக் கண்ணாடியின் அகலம். மடங்கை மாற்றிக்கொள்ளும் வகை வேண்டாம், காட்சி மங்கும். கை நடுக்கத்துக்கு மருந்து நம்மிடமே இருக்கிறது: ஆள் உயரத்தில் ஒரு மூங்கில் கவைக்கொம்பை மண்ணில் ஊன்றி, கவையில் பைனாகுலரை வைத்துப் பாருங்கள். உச்சி வானம் என்றால் கட்டிலில் படுத்துக்கொள்ளுங்கள். பகலில் குழந்தைகள் கையில் அதைக் கொடுக்காதீர்கள். அதன் வழியாகச் சூரியனை ஒரு கணம் பார்த்தாலும் கண் போய்விடும்.

இப்போது குரு. நட்சத்திரம் மினுக்கும், கிரகம் மினுக்காது. வெள்ளியும் அப்படித்தான் எரியும் என்பதால் குழப்பம் வரும். வெள்ளி சூரியனை விட்டு அதிகம் விலகாது. மாலையில் மேற்கே, அல்லது விடியற்காலையில் கிழக்கே. நள்ளிரவில் உச்சியில் மினுக்காமல் வெண்மஞ்சளாக எரிகிறது என்றால் அது குருதான்.

குருவைப் பார்க்க எது மிகச் சிறந்த காலம் என்று கேட்டால், கும்பகோணத்துக்காரர்களிடம் ஏற்கெனவே விடை இருக்கிறது என்று சொல்வேன். மகாமகம். குரு சிம்மத்தில், சூரியன் கும்பத்தில், நிலவு மகத்தில் இருக்கும்போது மகாமகம். கும்பமும் சிம்மமும் நேரெதிர் ராசிகள். சூரியன் ஒரு பக்கம், குரு மறுபக்கம் என்றால் நடுவில் நிற்பது பூமி. அந்த ஆண்டில் குரு நமக்கு மிக அருகில் வருவது அப்போதுதான். சூரியன் மறையும்போது உதித்து இரவு முழுவதும் தெரிகிறது. 2004 மகாமகம் மார்ச் 6 அன்று நடந்தது. குரு சூரியனுக்கு நேரெதிரே வந்த நாள் மார்ச் 4. 2016இல் மகாமகம் பிப்ரவரி 22, நேரெதிர் நிலை மார்ச் 8. அந்த இரவுகளில் குளத்தின் படியில் நின்று கிழக்கே பார்த்தவர்களுக்கு முழுநிலவுக்குப் பக்கத்தில் குரு தெரிந்திருக்கும். குரு சூரியனைச் சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. அதனால்தான் மகாமகமும் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கு. அடுத்தது 2028. தண்ணீரில் இறங்குகிறவர்கள் ஒருமுறை மேலேயும் பார்க்க வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

பைனாகுலரைக் கவையில் நிறுத்திக் குருவைப் பாருங்கள். முழு இருட்டில் கண் கூசும். பொழுது சாய்ந்து அரை மணி நேரத்தில், வானம் இன்னும் நீலமாக இருக்கும்போதே பார்த்தால் நன்றாகத் தெரியும். சிறிய வெள்ளைத் தட்டு ஒன்று. அதன் இரு பக்கமும் ஒரே கோட்டில் இரண்டோ மூன்றோ நான்கோ ஊசிமுனைப் புள்ளிகள். 1610 ஜனவரியில் கலிலியோ பார்த்த அதே நான்கு நிலவுகள். ஒரு நோட்டில் நடுவே வட்டம் போட்டு, புள்ளிகளை அன்றன்றைக்கு இருக்கும் இடத்தில் குறித்துத் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் அவை இடம் மாறிச் சுற்றுவதை உங்கள் கையெழுத்தே காட்டும். எது எந்த நிலவு என்பதை ‘ஸ்டெல்லேரியம்’ செயலியில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதில் இரவுக்கான சிவப்புத் திரை வசதியும் உண்டு.

அவற்றில் யூரோப்பாவைத் தேடிப் பிடியுங்கள். குருவை ஒட்டியே சுற்றுவதால் சற்றுக் கடினம், ஆனால் முடியும். அதன் பனி ஓட்டுக்கு அடியில் உப்புக் கடல் இருக்கிறது, பூமியின் கடல்கள் எல்லாவற்றையும் சேர்த்தால் வருவதைப்போல இரு மடங்கு தண்ணீர் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதன் மேற்பரப்பில் இருக்கும் கரியமில வாயு உள்ளேயிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று 2023இல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. அந்தக் கடலில் உயிர் வாழத் தகுந்த நிலை இருக்கிறதா என்று பார்க்க, 2024 அக்டோபர் 14 அன்று நாசாவின் ‘யூரோப்பா கிளிப்பர்’ விண்கலம் புறப்பட்டது. 2030 ஏப்ரலில் போய்ச் சேரும்; ஏறத்தாழ ஐம்பது முறை யூரோப்பாவை நெருங்கிப் பறக்கும். ஐரோப்பியர்களின் ‘ஜூஸ்’ விண்கலம் 2023 ஏப்ரலிலேயே கிளம்பிவிட்டது, 2031இல் சேரும். தண்ணீர் எங்கே, எவ்வளவு, எப்போது வரும் என்று கேட்டே வாழ்நாள் கழிகிறது நமக்கு. அந்தக் கேள்வியோடு ஆறு ஆண்டு வழிப்பயணம் போகும் ஒரு கலத்தை என்னால் அந்நியமாக நினைக்க முடியவில்லை.

செவ்வாயைப் பார்ப்பது எளிது, பைனாகுலரில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. செங்கல் நிறப் புள்ளி, அவ்வளவுதான். இருபத்தாறு மாதங்களுக்கு ஒருமுறை நெருங்கி வரும். 2027 பிப்ரவரி 19 அப்படியொரு நாள். அதற்கு ஒன்பது நாள் முன்பு குருவும் நேரெதிர் நிலைக்கு வருகிறது. மாசி இரவில், மக நட்சத்திரத்துக்கு அருகே சிவப்பாக ஒன்றும் அதற்குச் சற்று மேற்கே வெண்மஞ்சளாக ஒன்றும் சேர்ந்து எரியும். களத்துமேட்டுக்குப் போக அதைவிட நல்ல மாதம் கிடைக்காது.

அந்தச் செங்கல் புள்ளியைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: அங்கேயும் ஒரு டெல்டா இருக்கிறது. ஜெசேரோ என்பது சுமார் 45 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பெரும் பள்ளம். முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அதில் ஏரி நின்றது. ஆறு ஒன்று வந்து விழுந்து, விசிறிபோல வண்டல் பரப்பியது. வண்டலில் பழைய உயிரின் தடம் தங்கும் என்பதற்காகவே 2021 பிப்ரவரி 18 அன்று பெர்செவரன்ஸ் என்ற ஆறு சக்கர வண்டியை அங்கே இறக்கினார்கள். 2024 ஜூலையில், அந்த ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவந்த பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில், சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள் நிறைந்த ஒரு சேற்றுப்பாறையை அது கண்டது. ‘செயாவா ஃபால்ஸ்’ என்று பெயரிட்டார்கள். புள்ளிகளில் இருப்பவை இரும்பு பாஸ்பேட்டும் இரும்பு சல்ஃபைடும் போலத் தெரிகின்றன என்று 2025 செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வந்தது.

இந்தச் செய்தியைப் படித்த அன்று நான் வயலில் இறங்கிக் கையளவு சேற்றைத் தோண்டினேன். தண்ணீர் நின்ற நஞ்சையில் மேலே பழுப்பாக இருக்கும். நான்கு விரற்கடை கீழே போனால் மண் கறுத்திருக்கும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். நெல் வேரைச் சுற்றிப் புழுதிச் சிவப்பில் துரு படிந்திருக்கும். காற்றுப் புகாத சேற்றில் தாளையும் தழையையும் தின்னும் நுண்ணுயிர்கள் இரும்பையும் கந்தகத்தையும் மாற்றுவதால் வருகிற நிறமும் வாடையும் அது. செவ்வாய்ப் பாறையில் அதே இரும்பும் அதே கந்தகமும், உயிருக்கு அடிப்படையான கரிமச் சேர்மங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. உயிர் இருந்தது என்று விஞ்ஞானிகள் சொல்லவில்லை. உயிரில்லாமல் வேதிவினையாலும் இப்படி ஆகலாம் என்கிறார்கள். அந்தப் பாறையிலிருந்து எடுத்த மாதிரி ஒரு குழாயில் அடைபட்டுச் செவ்வாயிலேயே இருக்கிறது. பூமிக்குக் கொண்டுவந்து சோதித்தால்தான் தெரியும். அதுவரை பொறுக்க எனக்குச் சம்மதம்; ஆனால் சேற்றைப் பார்க்கும் கண் எனக்கு மாறிவிட்டது.

நிலவைப் பௌர்ணமியில் பார்க்காதீர்கள். வளர்பிறை அஷ்டமி முதல் தசமிவரை, வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்களின் நிழல் நீளமாக விழும். தென்முனைப் பக்கம் அடர்த்தியாக, சோளக்கொல்லை பறித்துப்போட்டாற்போலக் குழிகள். அங்கே டைக்கோ என்ற பள்ளத்தைக் கண்டுகொண்டு, இன்னும் தெற்கே விளிம்பை நோக்கிப் போங்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது அந்தப் பக்கத்தில்தான். கலம் தெரியாது, இடம் தெரியும். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். இறங்குவதற்கு ஒத்திகை பார்த்த மண் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்தது. எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. நிலவு மண்ணில் ஊசி இறக்கி வெப்பம் பார்த்தார்கள். மேலே 50 டிகிரிக்கு மேல். எட்டு சென்டிமீட்டர் கீழே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி. கோடையில் நம் மண்ணும் மேலே சுடும், கீழே குளிரும். ஆனால் ஒரு விரல் நீளத்துக்குள் அறுபது டிகிரி வித்தியாசம்! காற்றும் ஈரமும் இல்லாத மண் அப்படித்தான் இருக்கும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

சனிக்கு அதிகம் சொல்லப் போவதில்லை. பைனாகுலரில் வளையம் தெரியாது, முப்பது மடங்காவது பெருக்கும் தொலைநோக்கி வேண்டும். 2025 மார்ச்சில் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி ஏறக்குறைய மறைந்தே போனது. பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்துவருகிறது. 2026 அக்டோபர் 4 அதன் நேரெதிர் நிலை. புரட்டாசி மாலையில் மேகம் வழிவிட்டால் கிழக்கே பாருங்கள். 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புது நிலவுகளைச் சேர்த்து, சனியின் நிலவுக் கணக்கு 274 ஆனது.

நட்சத்திரங்களில் திருவாதிரையைக் கட்டாயம் பழகிக்கொள்ளுங்கள். மார்கழியில் மாலை ஏறிவரும் சிவந்த நட்சத்திரம். 2020 ஜனவரி 10 அன்று சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம். முந்தைய இரவு களத்தில் நின்று பார்த்தபோது, திருவாதிரை ரோகிணியைவிட மங்கிக் கிடந்தது. வழக்கத்தில் அது ரோகிணியை மிஞ்சி எரியும். எனக்குக் கண் கெட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். சில நாட்களில் செய்தித்தாளில் வந்தது: உலகமே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நட்சத்திரம் தன் மேனியிலிருந்து ஒரு பெரும் திரளை உமிழ, அது குளிர்ந்து தூசியாகி ஒளியை மறைத்தது என்று பிறகு கண்டறிந்தார்கள். 2025 ஜூலையில் இன்னொரு செய்தி. திருவாதிரைக்கு ஒரு துணை நட்சத்திரம் இருக்கிறது, ஏறத்தாழ ஆறு ஆண்டுக்கு ஒருமுறை அதைச் சுற்றுகிறது என்பதை ஹவாயிலுள்ள ஜெமினி தொலைநோக்கியால் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் திருவாதிரையை ரோகிணியோடு ஒப்பிட்டு நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். இதற்குக் கருவியே வேண்டாம்.

தெற்கே தென்னை மறைக்கக் கூடாது என்றேன் அல்லவா? வைகாசி நடுவில் இரவு ஒன்பது மணிக்குச் சித்திரை நட்சத்திரம் உச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும். அதிலிருந்து நேர் தெற்கே, கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் வரும் அகலத்தில் மூன்றரை முட்டி இறங்குங்கள். பைனாகுலரில் ஒரு பருத்திக்காய் வெடித்தாற்போல மங்கிய வெண்மை. ஒமேகா சென்டாரி, ஏறத்தாழ ஒரு கோடி நட்சத்திரங்களின் கூட்டம், சுமார் 18 ஆயிரம் ஒளியாண்டு தொலைவில். அதன் நடுவில் ஏழு நட்சத்திரங்கள் தாறுமாறான வேகத்தில் ஓடுவதை ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் இருபது ஆண்டுப் படங்களிலிருந்து 2024இல் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு வேகத்தில் ஓடியும் தப்பிப் போகாமல் பிடித்து வைத்திருப்பது குறைந்தது 8,200 சூரியன் எடையுள்ள ஒரு கருந்துளை என்கிறார்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு இது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நமக்கு வயலிலிருந்து மூன்று முட்டி உயரத்தில் நிற்கிறது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி முதலில் பார்த்தபோது, “தாத்தா, கண்ணாடியில் பஞ்சு ஒட்டியிருக்கிறது” என்று துடைக்கப் போனாள்.

அதற்குக் கீழே, சற்றுக் கிழக்கே, அடுத்தடுத்து இரண்டு பெரிய நட்சத்திரங்கள். கிழக்கே இருப்பது ஆல்ஃபா சென்டாரி, சூரியனை விட்டால் நமக்கு மிக நெருங்கிய நட்சத்திரக் குடும்பம். அதில் ஒன்றைச் சனியளவு எடையுள்ள கிரகம் சுற்றலாம் என்று 2025 ஆகஸ்டில் வெப் தொலைநோக்கிக்காரர்கள் அறிவித்தார்கள். இன்னும் உறுதியாகவில்லை.

கடைசியாகக் கருவியைப் பாதுகாப்பது. நம் ஊர் ஈரத்தில் ஒரே மழைக்காலத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும். பனியில் நனைந்த பைனாகுலரை உறையில் போட்டு மூடாதீர்கள். மறுநாள் காலை நிழலில், காற்றோட்டத்தில் ஒரு மணி நேரம் உலரவிடுங்கள். வேட்டி நுனியால் துடைத்தால் கீறல் விழும். தூசியை ஊதி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். பிறகு மூடி இறுக்கமான ஒரு டப்பாவில், ஒரு பிடி அரிசியைக் கருகாமல் வறுத்து ஆறவைத்துத் துணியில் முடிந்து கூடவே போட்டு வையுங்கள். ஐப்பசி முதல் மார்கழி பிறக்கும்வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த முடிச்சை மாற்ற வேண்டும்.